தெளிந்த தண்ணீரும் அடைக்கும்: சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வடிகட்டி தேர்ந்தெடுப்பது எப்படி?

போர்வெல் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் ஒரு தூசுகூடத் தெரியாது. "இந்தத் தண்ணிக்கு எதுக்குங்க பெரிய ஃபில்டரு?" என்று டம்ளரைக் காட்டிக் கேட்கும் விவசாயிகளைக் கொங்கு வட்டாரத்தில் நிறையப் பார்க்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே தோட்டத்தில் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ கடைசி வரிசை மரங்கள் வாட ஆரம்பிக்கும். சொட்டு விடும் டிரிப்பர்கள் பொருத்திய லேட்டரல் குழாயைத் தட்டிப் பார்ப்பார்கள், சொட்டு விழாது. இன்னொரு பக்கம், வாய்க்காலிலிருந்து கலங்கல் தண்ணீரை எடுத்துப் பாய்ச்சுகிறவரின் டிரிப்பர்கள் வருடக்கணக்கில் ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

தெளிந்த தண்ணீர் அடைக்கிறது, கலங்கல் தண்ணீர் ஓடுகிறது. இது எப்படி?

விடை தெரிய வேண்டுமானால் முதலில் டிரிப்பருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் தோட்டங்களில் அதிகம் புழங்கும் டிரிப்பர் ஒன்று மணிக்கு 4 லிட்டர் தண்ணீர் விடும். குழாய்க்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ, அதாவது 10 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம். இந்த அழுத்தத்தில் குழாயில் வெறும் ஓட்டை போட்டு மணிக்கு 4 லிட்டர் மட்டும் எடுக்க நினைத்தால், அந்த ஓட்டையின் விட்டம் 0.4 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கலாம். அத்தனை சிறிய ஓட்டை ஒரே நாளில் அடைத்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் இஸ்ரேலிய நீர்ப் பொறியாளர் சிம்ச்சா பிளாஸ். 1930களில் கசியும் குழாய் ஒன்றின் அருகே ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்திருந்ததைக் கவனித்தவர் அவர். பல வருடங்கள் கழித்து, பிளாஸ்டிக் குழாய்கள் வந்த பிறகு, தன் மகனோடு சேர்ந்து அந்த யோசனையைக் கருவியாக்கினார். ஓட்டையைச் சிறிதாக்குவதற்குப் பதிலாகத் தண்ணீர் போகும் பாதையை நீளமாக்கினார். நீண்ட சுருள் பாதையில் உராய்ந்து உராய்ந்து தண்ணீர் வேகத்தை இழக்கும். எனவே பாதை கொஞ்சம் அகலமாகவே இருக்கலாம். 1965-ல் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணைக் கிராமத்தில் அதன் உற்பத்திக்கு ஏற்பாடானது. இன்றைய டிரிப்பர்களில் சுருளுக்குப் பதிலாக ரம்பப் பல் போல வளைந்து வளைந்து போகும் பாதை இருக்கிறது. ஒவ்வொரு பல்லிலும் தண்ணீர் மோதிச் சுழன்று வேகத்தை இழக்கிறது. பழைய டிரிப்பர் ஒன்றை பிளேடால் பிளந்து பார்த்தால் இந்தப் பாதையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கும்.

அப்படியானால் 1 மில்லிமீட்டர் பாதைக்கு 1 மில்லிமீட்டரைவிடச் சிறிய மணல் வந்தால் பரவாயில்லையே என்று தோன்றும். இங்கேதான் பலருடைய கணக்கு தவறுகிறது. அரிசியைக் காகிதக் கூம்பு வைத்துக் குறுகலான வாயுள்ள புட்டியில் கொட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அரிசியும் கூம்பின் வாயைவிட எவ்வளவோ சிறியது. ஆனாலும் நாலைந்து அரிசி ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தால் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து வளைவு கட்டி நின்றுவிடும். பின்னால் வருவது எதுவும் இறங்காது. டிரிப்பருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. இதைப் பாலம் கட்டுதல் என்று சொல்லலாம். சலித்து அளவெடுத்த மணல் பொடியைத் தண்ணீரில் கலந்து, சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குப் படிப்படியாகப் போய், எந்த அளவில் டிரிப்பர் திணறத் தொடங்குகிறது என்று ஆய்வகங்களில் பார்க்கிறார்கள். இத்தகைய அனுபவத்திலிருந்து வந்ததுதான் பாசனப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி: டிரிப்பர் பாதையின் மிகக் குறுகிய இடத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரையுள்ள துகளையே ஃபில்டர் நிறுத்திவிட வேண்டும். 1 மில்லிமீட்டர் பாதை என்றால் 0.1 மில்லிமீட்டர் துகளே உள்ளே போகக் கூடாது.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக நமக்கு வேண்டிய ஃபில்டர், 100 மைக்ரானை ஒட்டிய துகளைப் பிடிப்பதாக இருக்க வேண்டும். ஆனால் கடையில் மைக்ரான் என்று சொல்ல மாட்டார்கள், மெஷ் என்பார்கள். ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதே மெஷ் எண். 120 மெஷ் என்றால் ஒரு அங்குலத்தில், அதாவது 25,400 மைக்ரானில், 120 கண்கள். வகுத்தால் ஒரு கண்ணுக்கு சுமார் 212 மைக்ரான் கிடைக்கும். ஆனால் அதில் கம்பியின் தடிமனும் சேர்ந்திருக்கிறது. கம்பி 80 மைக்ரானை எடுத்துக்கொள்ள, மீதி 130 மைக்ரான்தான் உண்மையான திறப்பு. பரப்பாகக் கணக்கிட்டால் வலையில் ஐந்தில் இரண்டு பங்குகூடத் திறப்பு இல்லை, மற்றதெல்லாம் கம்பி. எண் கூடக் கூடக் கண் சிறுக்கும்: 80 மெஷ் சுமார் 180 முதல் 200 மைக்ரான், 200 மெஷ் சுமார் 75 மைக்ரான். உங்கள் டிரிப்பருக்கு எத்தனை மைக்ரான் வேண்டும் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். அதையே பின்பற்றுங்கள், பெரும்பாலானவற்றுக்கு 120 மெஷ் போதும் என்றே இருக்கும்.

இன்னும் நைசான வலை போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. நைசான வலை சீக்கிரம் மூடிக்கொள்ளும். அது மட்டுமல்ல, தண்ணீரைக் கலங்கலாகக் காட்டும் களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் குறைவு. 200 மெஷ்ஷின் 75 மைக்ரான் கண்ணில் அது தாராளமாக நுழையும். பாசன ஃபில்டர் எதுவும் களிமண்ணைப் பிடிக்காது. பிடிக்கத் தேவையும் இல்லை. டிரிப்பர் பாதையில் அது பெரும்பாலும் தண்ணீரோடு ஓடி வெளியே போய்விடும். வாய்க்கால் தண்ணீர்க்காரரின் டிரிப்பர்கள் ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஃபில்டரின் வேலை தண்ணீரைத் தெளிய வைப்பது அல்ல. டிரிப்பர் விழுங்க முடியாததை மட்டும் நிறுத்தினால் போதும்.

சரி, நம் தண்ணீரில் எந்த அளவுத் துகள் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டும் கைக்கடிகாரமும் போதும். பம்ப் போட்டதும் வரும் முதல் தண்ணீரில் ஒரு பாட்டில், அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒரு பாட்டில் பிடியுங்கள். பல போர்களில் மணல் தொடக்கத்தில்தான் அள்ளிக்கொண்டு வரும், பிறகு குறைந்துவிடும். பாட்டில்களை நன்றாகக் குலுக்கி ஆடாமல் நிறுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்குள் அடியில் விழுந்தது எல்லாம் மணல். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் படிவது வண்டல். மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அது களிமண். மேலே மிதந்தாலோ பச்சையாக நூல் நூலாகத் தெரிந்தாலோ பாசி.

இந்த இரண்டு நிமிடக் கணக்கு சும்மா சொல்வதில்லை. தண்ணீரில் விழும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்று 1851-ல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் நிறுவினார். துகள் பத்து மடங்கு சிறியதானால் நூறு மடங்கு மெதுவாக விழும். 100 மைக்ரான் மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. 10 மைக்ரான் வண்டலுக்கு சுமார் மூன்று மணி நேரம். 1 மைக்ரான் களிமண்ணுக்குப் பத்து நாளுக்கு மேல். மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை 50 மைக்ரான். அந்த அளவுத் துகள் 25 சென்டிமீட்டர் உயர பாட்டிலின் அடியைத் தொட இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மண் பரிசோதனைக் கூடங்களில் ஒரு மண் மணற்பாங்கா, களிப்பாங்கா என்று அளப்பதும் இதே விதியை வைத்துத்தான்.

அழுக்கின் வகை தெரிந்த பிறகு அதன் அளவையும் மனதில் வாங்க வேண்டும். ஒரு ஏக்கர் காய்கறித் தோட்டம். லேட்டரல்கள் 5 அடிக்கு ஒன்று, டிரிப்பர்கள் 2 அடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 43,560 சதுர அடியைப் பத்தால் வகுத்தால் சுமார் 4,350 டிரிப்பர்கள். ஆளுக்கு 4 லிட்டர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 17,500 லிட்டர். இந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் தூசு இருந்தால் கண்ணுக்கு லேசான மங்கலாகத்தான் தெரியும். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 875 கிராம். தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டரை கிலோவுக்கு மேல். அதில் பெரிய துகள் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் தினமும் கால் கிலோ. அந்தக் கால் கிலோவை எங்கே பிடித்து, எங்கே வைத்து, எப்படி வெளியேற்றப் போகிறோம் என்பதுதான் ஃபில்டர் தேர்வு.

மணல் வரும் போர்வெல்லுக்கு ஹைட்ரோ சைக்ளோன், தமிழில் சுழல் பிரிப்பான். கூம்பு வடிவக் கலன். தண்ணீர் அதன் மேல்பக்கத்தில் ஓரமாக நுழைந்து சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். மணல் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு கனம் என்பதால் சுவரோரம் ஒதுங்கி அடியில் உள்ள சிறு தொட்டியில் விழும். மணல் நீங்கிய தண்ணீர் நடுவில் மேலேறி வெளியே வரும். உள்ளே வலை இல்லை, அடைக்க எதுவும் இல்லை. தொட்டியை அவ்வப்போது திறந்துவிட்டால் போதும். ஆனால் இது வேகத்தை நம்பி வேலை செய்யும் கருவி. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கலனில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தண்ணீர் சுழன்றால், புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசை மணலைச் சுவரை நோக்கித் தள்ளும். கோடையில் போரில் தண்ணீர் குறைந்து வேகம் பாதியானால் விசை பாதி ஆகாது, கால் பங்காகிவிடும். அப்போது நைஸ் மணல் எல்லாம் தப்பி வந்துவிடும். மற்ற ஃபில்டர்களைப் பெரிதாக வாங்கினால் நன்மைதான். இதை மட்டும் பெரிதாக வாங்கினால் வேலைக்கே ஆகாது. உங்கள் பம்ப் உண்மையில் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று டிரம்மில் பிடித்து அளந்துவிட்டு, அதற்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். பாசியையும் இலைத் தூளையும் இது பிரிக்காது. அவற்றின் கனம் தண்ணீரின் கனத்தை ஒட்டியே இருக்கிறது.

ஸ்கிரீன் ஃபில்டர் வெறும் வலை. அழுக்கு அதன் முகத்தில் மட்டும் படியும். இது பரப்பு வடிகட்டல். தெளிவான, மணலோ பாசியோ அதிகமில்லாத தண்ணீருக்கு இது தாராளமாகப் போதும். சுத்தம் செய்வதும் எளிது. பாசி வரும் தண்ணீருக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. மணல் துகள் வலைக்கண்ணில் வந்து நிற்கும். பாசியோ நெகிழ்ந்து கொடுக்கும். பின்னாலிருந்து அழுத்தம் ஏற ஏற அது நூலாக நீண்டு கண்ணுக்குள் வழுக்கிப் புகுந்து, அந்தப் பக்கம் போய் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

டிஸ்க் ஃபில்டரில் வலைக்குப் பதிலாகப் பொடி வரிப்பள்ளங்கள் கொண்ட பிளாஸ்டிக் வளையங்களை அடுக்கி இறுக்கியிருப்பார்கள். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே பள்ளங்கள் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொள்வதால் அழுக்கு பல இடங்களில் சிக்கும். ஸ்கிரீனைவிட அதிகம் தாங்கும். மிதமான பாசிக்குச் சரி.

திறந்த கிணறு, குளம், வாய்க்கால், பண்ணைக்குட்டை ஆகியவற்றின் தண்ணீருக்கு மணல் ஃபில்டர்தான். மணலைக் கொண்டு நைசான தூசை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது அழகான விஷயம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று உருண்டைகளுக்கு நடுவே ஒரு சந்து இருக்கும். அதில் நுழையக்கூடிய மிகப்பெரிய உருண்டையின் விட்டம், சுற்றியுள்ள உருண்டையின் விட்டத்தில் ஆறரையில் ஒரு பங்கு; இது சுத்தமான வடிவக் கணிதம். 0.7 மில்லிமீட்டர் மணலை நிரப்பினால் சந்து சுமார் 110 மைக்ரான். 120 மெஷ் வலையின் கண்ணைவிடச் சற்றுச் சிறியது! ஆனால் வலையில் ஒரே ஒரு தடை. இங்கே ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்துக்கு ஆயிரக்கணக்கான தடைகள். முதல் சந்தில் தப்பிய பாசி நூல் பத்தாவது சந்தில் சிக்கும். சிக்காததும் மணலின் கூர்முனையில் ஒட்டிக்கொள்ளும். இதுதான் ஆழ வடிகட்டல். அதனால்தான் உடைத்துச் சலித்த, கூர்முனையுள்ள சிலிக்கா மணலைப் பயன்படுத்துகிறார்கள். செலவைக் குறைக்க ஆற்று மணலை அள்ளிப் போடுவது பெரும் தவறு. அதில் எல்லா அளவும் கலந்திருக்கும். பொடி மணல் சந்துகளை அடைக்கும், இல்லையென்றால் அதுவே டிரிப்பருக்குப் போய்ச் சேரும்.

சிக்கியதை வெளியேற்றுவதற்கு பேக்வாஷ். தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் தலைகீழாக ஓட்டினால் மணல் படுகை உப்பி, துகள்கள் ஒன்றோடொன்று உரசி, அழுக்கு மேலே வந்து வெளியேறும். வெளியேறும் தண்ணீர் தெளியும் வரை விட வேண்டும். ஒரு நிமிடத்தில் வால்வை மூடினால் பாதி அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். வசதி இருந்தால் ஒரு பெரிய மணல் ஃபில்டருக்குப் பதில் இரண்டு சிறியதாக வாங்குவது நல்லது. ஒன்று வடிகட்டிய சுத்தமான தண்ணீரால் மற்றதைக் கழுவலாம்.

மணல் ஃபில்டருக்கு அடுத்து ஒரு ஸ்கிரீனோ டிஸ்க்கோ கட்டாயம் வேண்டும். முன்னாலுள்ள மணல் ஃபில்டர் உடைந்து மணல் தப்பினால் பிடிக்க ஆள் வேண்டுமல்லவா? உரம் செலுத்தும் வென்சுரியை இவை இரண்டுக்கும் நடுவில் வைப்பார்கள். கரையாத உரத்தூள் லேட்டரலுக்குப் போகாமல் கடைசி ஃபில்டர் நிறுத்தும்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் பரவியிருக்கிறது. போரில் தண்ணீர் குறைவாக வருவதால், இரவெல்லாம் ஓட்டிக் கிணற்றிலோ திறந்த தொட்டியிலோ தேக்கி, பகலில் அதிலிருந்து சொட்டுநீருக்கு எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெயில் பட்டதும் அந்தத் தண்ணீரின் குணம் மாறிவிடுகிறது. போரிலிருந்து வந்தபோது அதில் மணல் இருந்தது. இப்போது மணல் அடியில் தங்கிவிட்டது, பாசி பிறந்துவிட்டது. "நம்மது போர் தண்ணிதானே" என்று ஸ்கிரீன் ஃபில்டரோடு நிறுத்திக்கொண்ட பலருக்கு அடைப்பு வருவது இதனால்தான். ஃபில்டருக்குத் தண்ணீர் எங்கே பிறந்தது என்பது முக்கியமல்ல. கடைசியாக எங்கே தங்கியது என்பதே முக்கியம்.

இனி, தெளிந்த தண்ணீரின் புதிருக்கு வருவோம். அடைத்த டிரிப்பர் ஒன்றைப் பிளந்து விரலால் தடவுங்கள். நறநறவென்றால் மணல். வழவழவென்று கருப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் நுண்ணுயிர்ச் சளி. வெள்ளைக் காறையாக இருந்து, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு பட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு. செம்பழுப்பாக, துருவைப் போல இருந்தால் இரும்பு. கடைசி இரண்டும் ஃபில்டரைக் கடக்கும்போது துகளாகவே இருக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்தன. கரைந்ததை எந்த வலையும் பிடிக்காது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், கருப்புக் குழாய் வெயிலில் சூடாகும்போதும், பம்ப் நின்ற பிறகு டிரிப்பர் வாயில் தங்கிய கடைசிச் சொட்டு காயும்போதும், சுண்ணாம்பாக உறைகிறது. நிலத்தடியில் காற்றில்லாமல் கரைந்து கிடந்த இரும்பு, மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிறது. இந்த இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்களும் உண்டு, அவை சளி கட்டி மேலும் அடைக்கின்றன. அழுக்கு ஃபில்டருக்கு அப்பால்தான் பிறக்கிறது.

இது எந்த அளவில் ஆபத்து என்று 1979-லேயே ஒரு பட்டியல் வெளியானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரத்து நீர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த பக்ஸ், நகயாமா ஆகியோர் குழுவின் வேலை அது. அடைப்புக்கான காரணங்களை மண் துகள், ரசாயனம், உயிரி என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்தார்கள். இன்றும் பாசனப் பாடநூல்களில் அந்தப் பட்டியல்தான். தூசு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் கவலை குறைவு, 100-க்கு மேல் கடுமை. இரும்புக்கோ எல்லை மிகக் குறைவு: 0.1 மில்லிகிராமுக்கு மேலேயே கவனம் வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் கடுமை. அந்த 1.5 மில்லிகிராம் இரும்பு நம் ஒரு ஏக்கர் தோட்டத்தில் மணிக்கு 26 கிராமாக லேட்டரல்களுக்குள் போகிறது. டம்ளரில் பார்த்தால் தெளிந்த தண்ணீர்தான்.

இரும்புக்கு வழி, தண்ணீரைத் தொட்டியில் தெறிக்க விழச் செய்து, காற்றுப் பட வைத்து, துருவாகப் படிய விட்டு, பிறகு மணல் ஃபில்டரில் விடுவது. கரைந்ததைத் துகளாக்கிவிட்டால் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்தி, லேட்டரலின் கடைசியில் வரும் தண்ணீரின் அமிலத்தன்மை பிஎச் 4 அளவுக்கு வந்ததும் நிறுத்தி, ஒரு நாள் ஊறவிட்டு, எண்ட் கேப்பைத் திறந்து அலச வேண்டும். நுண்ணுயிர்ச் சளிக்குக் குளோரின். இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. முதல் தடவை அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஃபில்டரின் கொள்ளளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஏக்கருக்கு மணிக்கு 17,500 லிட்டர் என்று பார்த்தோம். முழு ஏக்கரையும் ஒரே வால்வில் ஓட்டுவதானால் மணிக்கு 20 கனமீட்டர் ஃபில்டர் கணக்குக்குச் சரி. தண்ணீர் அழுக்கு என்றால் 25 வாங்குங்கள். பம்பின் குழாய் இரண்டு இஞ்ச் என்பதற்காக இரண்டு இஞ்ச் ஃபில்டர் என்று வாங்குவது பொருந்தா அளவுகோல். ஓட்டம் இரண்டு மடங்கானால் ஃபில்டரில் தொலையும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு கரண்ட் பில்லில் தெரியாது. தோட்டத்தின் கடைக்கோடியில்தான் தெரியும். டிரிப்பரின் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 1 கிலோ அழுத்தம் அரை கிலோவாகக் குறைந்தால் 4 லிட்டர் டிரிப்பர் 2.8 லிட்டர்தான் விடும்.

இதைக் கண்காணிக்க ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வேண்டும். சுத்தமான ஃபில்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 முதல் 0.3 கிலோ வரை இருக்கலாம். 0.5 கிலோவைத் தொட்டால் கழுவியாக வேண்டும். நாள் கணக்கு வைத்துக் கழுவுவதைவிட இது மேல். அழுக்கு நாள் பார்த்து வருவதில்லை. மலிவான கேஜ்கள் ஆளுக்கொரு அளவு காட்டும். எனவே ஒரே கேஜை இரண்டு இடத்திலும் மாற்றி மாட்டி அளந்தால் பிழை குறையும். திடீரென வித்தியாசம் பூஜ்யமாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், வலை கிழிந்திருக்கும். கிழிந்த வலை ஃபில்டரே இல்லாததைவிட மோசம். இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

ஃபில்டர் சரியாக வேலை செய்ததா என்பதற்குக் கடைசிச் சான்று டிரிப்பர்தான். நான்கு லேட்டரல்களில், ஒவ்வொன்றிலும் நான்கு இடங்களில், மொத்தம் 16 டிரிப்பர்களுக்கு அடியில் டம்ளர் வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் என்றால் 200 மில்லி வர வேண்டும். மிகக் குறைவாக வந்த நான்கின் சராசரியை, 16-ன் சராசரியால் வகுத்துக்கொள்ளுங்கள். ஜாக் கெல்லரும் டேவிட் கர்மேலியும் 1970களில் வகுத்த அளவுகோல் இது. 90 சதவீதத்துக்கு மேல் என்றால் மிக நன்று. 70-க்குக் கீழ் என்றால் ஏதோ ஓர் அடைப்பு முற்றிக்கொண்டிருக்கிறது. ஏன் சிறந்தவற்றை விட்டுக் குறைந்த கால்பங்கை எடுக்கிறோம் என்றால், வாடுவது அந்தச் செடிகள்தான். அமைப்பு புதிதாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் மறுபடி அளந்தால், செடி வாடும் முன்பே அடைப்பு எண்ணில் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. மானியத்தில் வருவது எதுவோ அதை மாட்டிக்கொள்வோம் என்று விட்டுவிடாதீர்கள். குட்டையிலிருந்து தண்ணீர் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லி மணல் ஃபில்டர் கேளுங்கள். மானியக் கணக்கில் அடங்காமல் கைக்காசு போட வேண்டி வந்தாலும் போடுங்கள். அடைத்த லேட்டரல்களை ஏக்கர் கணக்கில் மாற்றுவதைவிட அது குறைந்த செலவு.

கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அரை மணி நேரம் பம்ப் ஓடிய பிறகு சுத்தமான அரை லிட்டர் பாட்டிலில் காற்று இடமில்லாமல் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே உங்கள் பகுதி மண் மற்றும் நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் உப்பும் பிஎச்சும் கட்டாயம் இருக்கும். இரும்பு இருக்க வேண்டும் என்பதில்லை. இரும்பையும் பார்த்துத் தரச் சொல்லி மறக்காமல் கேளுங்கள்.